அரிவாள்மனையாக மாறும் ரம்பம்

காய் நறுக்க நம் வீடுகளில் இரண்டு வழி உண்டு. கத்தியால் நறுக்கினால் காய் பலகையில் கிடக்கும், கத்தி நகரும். அரிவாள்மனையில் அலகு நின்ற இடத்தில் நிற்கும், காய்தான் நகரும். வாழைப்பூவையும் கீரையையும் பொடியாக அரிந்து பழகியவர்கள் இன்றும் அரிவாள்மனையைத்தான் இழுத்துப் போட்டு உட்காருவார்கள். மனையைக் கால் பார்த்துக்கொள்வதால் இரண்டு கையும் காய்க்குக் கிடைக்கிறது.

கையில் பிடித்து இரும்பை அறுக்கும் போர்ட்டபிள் பேண்ட் சாவும் கத்தி மாதிரிதான். சுவரோரம் ஓடும் பைப்பையோ, வைஸில் கடித்துவைத்த கம்பியையோ அறுக்க அது போதும். ஆனால் உள்ளங்கை அளவுத் தகட்டில் ஒரு மூலையை எடுக்க வேண்டும், கோடு போட்டபடி ஒரு வளைவு வெட்ட வேண்டும் என்றால் ஆறு கிலோ மெஷினைத் தூக்கிக்கொண்டு கோட்டைப் பின்தொடர முடியாது. அதற்கு ஒரு ஸ்டாண்ட் செய்து மெஷினை நிறுத்திவிட்டால், ரம்பம் அரிவாள்மனை ஆகிவிடும். கடையில் தனி பேண்ட் சா வாங்கும் செலவும் இல்லை, அதற்கான இடமும் வேண்டாம். வெல்டிங் கொஞ்சம் தெரிந்தவர் ஒரு விடுமுறை நாளில் முடித்துவிடலாம். எதை எங்கே பொருத்துகிறோம், ஏன் அங்கே பொருத்துகிறோம் என்பது புரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

மெஷினுக்குள் என்ன நடக்கிறது

இரண்டு சக்கரங்கள். இரண்டுக்கும் ரப்பர் டயர் மாட்டியிருக்கும். அவற்றைச் சுற்றி வளையமாக ஓடும் ஒரு மெல்லிய பிளேடு. கைப்பிடிப் பக்கமுள்ள சக்கரத்தை மோட்டார் சுற்றுகிறது. முன்பக்கச் சக்கரம் சும்மா சுழல்கிறது. முன்சக்கரத்தின் அருகே உள்ள நெம்புகோலைத் திருப்பினால் பிளேடு விறைக்கும், எதிர்ப்பக்கம் திருப்பினால் தளரும். இரண்டு சக்கரங்களுக்கும் நடுவே திறந்த வாயில் தெரியும் பிளேடுதான் அறுக்கிறது. வாயின் இரு முனையிலும் சின்னச் சின்ன பேரிங்குகள் பிளேடைக் கவ்வி, பல் நமக்குத் தேவையான பக்கம் பார்க்கும்படி முறுக்கிப் பிடிக்கின்றன.

பெரிய அளவு மெஷின்களில் பிளேடின் சுற்றளவு பெரும்பாலும் 1140 மி.மீ. அகலம் அரை இஞ்சு, அதாவது 12.7 மி.மீ. கனம் அரை மி.மீ. வாயின் திறப்பு சுமார் 120 மி.மீ. பேட்டரியில் ஓடும் சிறிய ரகங்களில் பிளேடு 835 மி.மீ. அளவுக்குக் குறையும், வாயும் 64 மி.மீ. பக்கம் சுருங்கும். ஸ்டாண்ட் செய்யும் எண்ணத்தோடு வாங்குபவர்களுக்குப் பெரியதே நல்லது. மேசைத்தகட்டை உள்ளே பொருத்தியபின் வாயில் கொஞ்சம் இடம் போய்விடும்.

பிளேடு ஏன் இவ்வளவு மெல்லியதாக இருக்கிறது? ஒவ்வொரு சுற்றிலும் அது இரண்டு சக்கரங்களின் மேல் வளைந்து நிமிர்கிறது. நிமிடத்துக்கு 60 மீட்டர் வேகத்தில் 1140 மி.மீ. பிளேடு ஐம்பத்திரண்டு சுற்றுக்கு மேல் சுற்றும். ஒரு மணி நேரத்தில் ஒவ்வொரு இடமும் ஆறாயிரம் தடவைக்கு மேல் வளைந்து நிமிரும். கம்பியை முன்னும் பின்னும் வளைத்துக்கொண்டே இருந்தால் ஒடிவது போல, கனமான பிளேடு இந்தச் சின்னச் சக்கரங்களில் சீக்கிரமே ஒடிந்துவிடும். பேண்ட் சாவின் வரலாறே இந்தச் சிக்கலில்தான் தொடங்குகிறது. இங்கிலாந்தில் வில்லியம் நியூபெரி என்பவர் 1809-இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். ஆனால் வளையமாகச் சேர்த்த இடம் தாங்காததால் அது நடைமுறைக்கு வரவில்லை. 1846-இல் ஆன் போலின் கிரெபான் என்ற பிரெஞ்சுப் பெண்மணி பிளேடின் இரு முனைகளையும் பற்றவைக்கும் முறையைக் கண்டுபிடித்துக் காப்புரிமை கோரினார். பாரிஸ் நிறுவனம் ஒன்று அந்த உரிமையை வாங்கிய பிறகுதான் பேண்ட் சா பட்டறைகளுக்கு வந்தது. இன்றும் பழைய பிளேடு பெரும்பாலும் அந்த ஒட்டில்தான் விடும். புதுப் பிளேடு மாட்டும் முன் ஒட்டை விரலால் தடவிப் பாருங்கள். மேடு தட்டினால் அது ஒவ்வொரு சுற்றிலும் பேரிங்கில் இடிக்கும்.

கட்டிங் மெஷின் இருக்கும்போது இது எதற்கு

வெல்டிங் பட்டறைகளில் பதினான்கு இஞ்சு சக்கரம் மாட்டிய கட்டிங் மெஷின் இல்லாத இடமே கிடையாது. வேகமாக அறுக்கும், விலையும் குறைவு. ஆனால் அது அறுப்பதில்லை, தேய்த்துத் தேய்த்து எரிக்கிறது. அந்தச் சக்கரத்தின் விளிம்பு நொடிக்கு 70 மீட்டர் வேகத்தில் ஓடும். போர்ட்டபிள் பேண்ட் சாவின் பிளேடு முழு வேகத்தில்கூட நொடிக்குச் சில மீட்டரைத் தாண்டாது. அதனால் தீப்பொறி இல்லை, வெட்டிய இடம் நீலம் பாரிப்பதில்லை, பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்ப்பதில்லை. வெட்டும் மெல்லியது. கட்டிங் சக்கரம் 3 மி.மீ. இரும்பைத் தூளாக்கினால், இந்தப் பிளேடு ஒரு மி.மீ. போலத்தான் எடுக்கும். இருபது துண்டு போட்டால் ஒன்றில் 60 மி.மீ. வீண், இன்னொன்றில் 20 மி.மீ. வீண். அலுமினியத்தையும் பித்தளையையும் சாணைச் சக்கரத்தில் அறுத்தால் சக்கரம் அடைத்துக்கொள்ளும். பேண்ட் சாவில் அந்தத் தொல்லை கிடையாது.

நின்ற ஸ்டாண்ட், படுத்த ஸ்டாண்ட்

இரண்டு விதமாகச் செய்யலாம். ஒன்றில் மெஷினைச் செங்குத்தாக நிறுத்தி, பிளேடு குறுக்கே போகும்படி ஒரு சிறு மேசை பொருத்துவோம். பொருளைக் கையால் தள்ளி அறுப்போம். இதுதான் அரிவாள்மனை. மற்றொன்றில் பொருளை வைஸில் கடித்துவைத்து, கீலில் ஆடும் கையில் மெஷினைப் பொருத்தி மேலிருந்து இறக்குவோம். ஒரே நீளத்தில் பைப் வெட்டுவதே வேலை என்றால் படுத்தது நல்லது. தகடு, ஃபிளாட், ஆங்கிள், வளைவு, மூலை என்று சில்லறை வேலை செய்பவருக்கு நின்றதுதான் கைகொடுக்கும். நின்றதை விரிவாகப் பார்த்துவிட்டுப் படுத்ததைக் கடைசியில் தொட்டுப்போவோம்.

மேசை எங்கே வர வேண்டும்

ஸ்டாண்ட் செய்வதில் தெரிந்துகொள்ள வேண்டிய முதல் விஷயம் இது. மற்றதெல்லாம் இதிலிருந்துதான் வருகிறது.

உங்கள் மெஷினின் வாயோரத்தில், பெரும்பாலும் கைப்பிடிப் பக்கம், இரண்டு திருகில் ஒரு சிறிய இரும்புத் தகடு நிற்கும். அதன் பெயர் ஸ்டாப். கையில் பிடித்து அறுக்கும்போது அந்த ஸ்டாப்பைப் பொருளோடு ஒட்டிவைக்கச் சொல்வார்கள். பிளேடு ஓடும் திசையில் பொருளை இழுக்கும். பொருள் போய் ஸ்டாப்பில் சாய்ந்து நிற்கும். ஸ்டாப் இல்லாவிட்டால் பிளேடு பல்லால் பற்றிக்கொண்டு மெஷினையே ஒரு வெட்டு வெட்டி உதறிவிடும்.

நாம் செய்யப்போகும் மேசை வேறொன்றுமில்லை, அதே ஸ்டாப்தான், பெரிதாக வளர்ந்திருக்கிறது. ஸ்டாப்பைக் கழற்றிவிட்டு, அதே திருகுத் துளைகளில் ஒரு சதுரத் தகட்டைப் பொருத்துகிறோம். மெஷினைக் கைப்பிடி கீழே வரும்படி நிறுத்தினால் தகடு படுக்கையாக வரும், பிளேடு அதன் நடுவில் மேலிருந்து கீழாக ஓடும். பிளேடு கீழே இழுக்க, பொருள் மேசையோடு அழுந்தி நிற்கும். நாம் அழுத்திப் பிடிக்க வேண்டிய பாதி வேலையைப் பிளேடே பார்த்துக்கொள்கிறது.

இதைத் தலைகீழாகச் செய்தால், அதாவது பிளேடு மேசையிலிருந்து மேலே போனால், பொருளைத் தூக்கி எறியும். மெஷினின் உடலில் பிளேடு ஓடும் திசைக்கு அம்புக்குறி இருக்கும். தகடு வெட்டும் முன் அதைப் பாருங்கள். அம்பு மேசையை நோக்கி வர வேண்டும்.

என்னுடைய முதல் ஸ்டாண்டில் இதைச் சரியாகத்தான் செய்தேன். தவறு வேறு இடத்தில். மேசையை ஸ்டாப் துளைகளில் பொருத்தாமல் பலகையில் தனியாக நிறுத்தினேன். மெஷினை இரண்டு பட்டையால் கைப்பிடியோடு அதே பலகையில் கட்டினேன். பார்க்க அழகாக நின்றது. 40 மி.மீ. சதுரப் பைப்பை அறுத்தால் மட்டும் வெட்டு சாய்ந்தது. கைப்பிடி பிளாஸ்டிக், அது தள்ளும்போதெல்லாம் வளைந்தது. மெஷின் ஒரு பக்கம், மேசை ஒரு பக்கம். அரிவாள்மனையில் அலகும் பலகையும் ஒன்றோடொன்று இறுகியிருப்பதால்தான் காய் நேராக அரிகிறது. இங்கேயும் பிளேடைப் பிடித்திருக்கும் உலோக உடம்பில்தான் மேசை உட்கார வேண்டும். கைப்பிடியை நம்பக் கூடாது.

என்னென்ன வேண்டும்

மேசைக்கு 300 × 300 மி.மீ. அளவில் 6 மி.மீ. கனமுள்ள எம்.எஸ். தகடு. எடை நான்கே கால் கிலோ வரும். அலுமினியத்தில் எடுத்தால் ஒன்றரை கிலோதான், துரு பிடிக்காது, துளையிடுவதும் எளிது. 3 மி.மீ. தகடு வேண்டாம். நடுவில் பிளவு போட்டதும் அது நெளியும்.

மேசையின் கீழே தாங்க 40 × 40 × 5 ஆங்கிள் ஒரு மீட்டர். அடித்தளத்துக்கு 40 மி.மீ. சதுரப் பைப், அல்லது 19 மி.மீ. பிளைவுட்டில் 450 × 350 அளவில் ஒரு துண்டு. ஸ்டாப்பின் பழைய திருகுக்குப் பதில் அதே மரையில் சற்று நீளமான, தலை உள்ளே அமிழும் திருகுகள் இரண்டு. பழைய திருகைக் கையோடு கொண்டுபோய்க் கடையில் போட்டுப் பார்த்து வாங்குங்கள். கண்ணளவில் வாங்கி மெஷினின் அலுமினிய மரையைக் கெடுத்தால் அதைச் சரிசெய்ய லேத் பட்டறைக்கு நடக்க வேண்டியிருக்கும். திருகு அளவுக்கு மேல் நீளமாகவும் இருக்கக் கூடாது. உள்ளே போய் பிளேடையோ சக்கரத்தையோ தொடும்.

வெல்டிங் வராதவர்கள் கவலைப்பட வேண்டாம். மேசைத்தகட்டின் அடியில் ஓர் ஆங்கிள் துண்டை போல்ட் போட்டு முடுக்கி, அதன் தொங்கும் காலை மேசை வைஸில் கடித்துவைத்தால் போதும். வேலை முடிந்ததும் கழற்றிச் சுவரில் மாட்டிவிடலாம். இடம் குறைவான வீடுகளுக்கு இதுவே தோதானது.

செய்யும் வரிசை

மெஷினின் பிளக்கைப் பிடுங்குங்கள், அல்லது பேட்டரியைக் கழற்றுங்கள். கீழே சொல்லும் பிளவை வெட்டும் நேரம் தவிர, இனி மேசை நிமிரும்வரை அது கழன்றே இருக்கட்டும்.

முதலில் அட்டையில் ஒரு மாதிரி வெட்டுங்கள். கல்யாணப் பத்திரிகை அட்டையே போதும். ஸ்டாப்பைக் கழற்றிவிட்டு அட்டையை அந்த இடத்தில் வைத்து, திருகுத் துளைகள், பிளேடு நிற்கும் இடம், உடலில் எங்கெல்லாம் முட்டுகிறது என்பதைக் குறியுங்கள். சில மாடல்களில் ஸ்டாப் ‘எல்’ வடிவில் மடங்கித் திருகு பக்கவாட்டில் வரும். அப்படியானால் தகட்டின் அடியில் ஒரு சிறிய ஆங்கிள் துண்டைப் பொருத்தி அதன் வழியாகத் திருக வேண்டும். அட்டை சரியாக உட்கார்ந்த பிறகே தகட்டில் கை வையுங்கள்.

மாதிரியைத் தகட்டில் வைத்துக் கோடு கீறி, துளை வரும் இடங்களைச் சென்டர் பஞ்சால் குத்திக்கொள்ளுங்கள். சின்ன பிட்டில் தொடங்கி, திருகைவிட ஒரு மி.மீ. பெரிதாகத் துளையை முடியுங்கள். அந்த ஒரு மி.மீ. ஓட்டம் பிறகு நேர்பார்க்க உதவும். மேலிருந்து துளையின் வாயைச் சரித்து, திருகின் தலை தகட்டுக்குள் அமிழும்படி செய்யுங்கள். தலை ஒரு நூல் மேலே நின்றாலும் பொருள் அதில் தட்டும்.

அடுத்தது பிளேடு போக ஒரு பிளவு. இது நீங்கள் நிற்கும் பக்கத்து ஓரத்திலிருந்து தொடங்கி, பிளேடு நிற்கும் இடத்தைத் தாண்டி ஒரு சென்டிமீட்டர்வரை போக வேண்டும். அகலம் 3 மி.மீ. போதும். முன்பக்கம் திறந்திருந்தால்தான் மேசையைக் கழற்றாமலே பிளேடை மாற்ற முடியும். இந்தப் பிளவை வெட்ட வேறு மெஷின் தேடாதீர்கள். ஸ்டாப்பைத் திரும்ப மாட்டி, தகட்டை வைஸில் கடித்துவைத்து, இதே பேண்ட் சாவைக் கையில் பிடித்து 3 மி.மீ. இடைவெளியில் வாய் எட்டும்வரை இரண்டு வெட்டு போட்டு, எட்டாத மீதியை ஹேக்சா பிளேடால் நீட்டுங்கள். இரண்டுக்கும் நடுவே நிற்கும் நாக்கை அடியில் ஹேக்சா பிளேடால் அறுத்து எடுத்து, அரத்தால் பிசிறு தட்டுங்கள். தன் மேசையைத் தானே அறுத்துக்கொள்ளும் மெஷின் இது.

பிளவு போட்டதும் தகட்டின் இரண்டு பாதியும் முன்பக்கம் சேராமல் நிற்கும். ஒன்று மேலே ஒன்று கீழே ஆகாமலிருக்க, பிளவின் வாயருகே அடியில் ஒரு ஃபிளாட் துண்டை இரண்டு போல்ட்டில் பாலம்போலப் பொருத்துங்கள். பிளேடு மாற்றும்போது அதைக் கழற்றினால் போதும்.

இப்போது தகட்டை மெஷினில் பொருத்தி, அடியில் ஆங்கிள் கால்களை நிறுத்தி அடித்தளத்தோடு சேருங்கள். ஆறு கிலோ மெஷினும் நான்கு கிலோ மேசையும் ஸ்டாப்பின் இரண்டு சின்னத் திருகில் தொங்கக் கூடாது. மேசையைக் கால்கள் தாங்கட்டும். திருகுகள் மெஷினை மேசையோடு இறுக்கிப் பிடிக்க மட்டும் இருக்கட்டும். மெஷினின் அடிப்பகுதி உட்கார ரப்பர் ஒட்டிய ஒரு மரத்துண்டும் வையுங்கள். நீங்கள் பொருளைப் பின்னோக்கித் தள்ளும்போது மெஷினின் மேற்பகுதி பின்னால் சாயப் பார்க்கும். அங்கே முன்கைப்பிடி மாட்டும் உலோகப் பகுதி இருந்தால் அதிலிருந்து அடித்தளத்துக்கு ஒரு ஃபிளாட் முட்டு கொடுங்கள். மோட்டாரின் காற்றுத் துளைகளை எதனாலும் மூடாதீர்கள்.

உயரத்தையும் யோசியுங்கள். அடித்தளத்திலிருந்து மேசைத்தகடு சுமார் 30 செ.மீ. மேலே வரும். அதை 80 செ.மீ. உயர வேலைமேசையில் வைத்தால் தள்ளும் கை மார்பு மட்டத்துக்கு ஏறிவிடும், தோள் வலிக்கும். முழங்கை மட்டத்துக்கு ஒரு சாண் கீழே மேசைத்தகடு வருவது நல்லது. தாழ்வான பெஞ்சு ஒன்று கிடைத்தால் அதில் போல்ட் போட்டு முடுக்கிவிடுங்கள்.

நேர் பார்த்தல்

மூலைமட்டத்தை மேசையில் நிறுத்தி, அதன் அலகைப் பிளேடின் தட்டையான பக்கத்தோடு ஒட்டிவையுங்கள். பிளேடை விறைப்பாக்கிய பிறகே இதைச் செய்ய வேண்டும், தளர்ந்த பிளேடு பொய் சொல்லும். பின்னால் ஒரு வெளிச்சத்தை வைத்து இடைவெளி தெரிகிறதா என்று பாருங்கள். 50 மி.மீ. உயரத்தில் அரை மி.மீ. வெளிச்சம் தெரிந்தால் அரை டிகிரிக்கு மேல் சாய்வு என்று பொருள். வெல்டிங் வேலையில் அந்த இடைவெளி கண்ணில் உறுத்தும்.

சரிசெய்ய விலையுயர்ந்த எதுவும் வேண்டாம். காலியான குளிர்பான அலுமினிய டப்பாவைக் கத்தரித்துத் துண்டுகளாக்குங்கள். அந்தத் தகடு சுமார் 0.1 மி.மீ. கனம். சாய்ந்த பக்கத் திருகின் கீழ் ஒன்றிரண்டு துண்டைச் செருகி முடுக்கினால் மேசை நிமிரும். பிறகு மூலைமட்டத்தைப் பிளேடின் முதுகிலும் வைத்துப் பாருங்கள். அதில் சிறு பிசகு இருந்தாலும் முழுதாக அறுத்தெடுக்கும் துண்டுக்குப் பாதகமில்லை. பாதியில் நிறுத்தும் வெட்டு வேண்டுமானால்தான் அது முக்கியம். கடைசியில் ஒரு கழிவுத் துண்டை அறுத்து, வெட்டிய முகத்தில் மூலைமட்டம் வையுங்கள். மெஷின் ஓடும்போது என்ன நடக்கிறது என்பதை அந்தத் துண்டுதான் சொல்லும்.

சுவிட்ச்: இதில் சிக்கனம் வேண்டாம்

கையில் பிடிக்கும் மெஷினுக்கு விசைதான் பாதுகாப்பு. விரலை விட்டால் நின்றுவிடும். ஸ்டாண்டில் போட்டதும் அந்த விசை மேசைக்கு அடியில் போய்விடுகிறது. பலரும் விசையை ஒரு பிளாஸ்டிக் டையால் இழுத்துக் கட்டிவிட்டு, சுவர் பிளக்கில் சுவிட்ச் போட்டு ஓட்டுகிறார்கள். சட்டை நுனி மாட்டினாலோ பிளேடு விட்டாலோ அந்தச் சுவிட்ச் கைக்கு எட்டாது.

கம்பியில் ஓடும் மெஷினுக்குச் சரியான வழி கால் பெடல். மிதித்தால் ஓடும், காலை எடுத்தால் நிற்கும். அரிவாள்மனையிலும் கால்தானே மனையைப் பிடித்திருக்கிறது! பெடல் தானாக மீளும் வகையாக இருக்க வேண்டும், ஒரு மிதிக்கு ஓடி மறுமிதிக்கு நிற்கும் வகை கூடாது. தையல் மெஷின் பெடலை மாட்டிவிடாதீர்கள். அது சின்ன மோட்டாருக்கானது. 710 வாட் மெஷின் 230 வோல்ட்டில் மூன்று ஆம்பியருக்கு மேல் இழுக்கும். பெடலின் மேல் எழுதியிருக்கும் ஆம்பியர் அதைவிடத் தாராளமாக இருக்க வேண்டும். பெடலின் உலோகக் கூட்டுக்கும் ஸ்டாண்டுக்கும் எர்த் கொடுங்கள். இந்த வேலையை எலக்ட்ரீஷியனிடம் விடுவதில் கௌரவக் குறைச்சல் ஒன்றுமில்லை.

கரண்ட் போய் வரும் ஊர்களில் இன்னொரு ஆபத்து உண்டு. மெஷின் பாதியில் நின்றது, கரண்ட் போனதாக்கும் என்று பிளேடில் கை வைக்கிறீர்கள். அந்த நொடியில் கரண்ட் வருகிறது. பம்ப்செட் ஸ்டார்ட்டரில் கரண்ட் போனால் தானே விழுந்து, பச்சைப் பொத்தானை அமுக்கினால்தான் திரும்ப ஓடும் அமைப்பு இருக்கிறதல்லவா? அதே வேலையைச் செய்யும் சிறிய சுவிட்சுகள் கைமெஷின்களுக்கும் கிடைக்கின்றன. பெடலோடு அதையும் சேர்த்தால் நிம்மதி.

பேட்டரி மெஷினில் இடையில் சுவிட்ச் வைக்க வழியில்லை. விசையைக் கட்டிவைப்பதைவிட, சைக்கிள் பிரேக் கம்பியையும் லீவரையும் கொண்டு விசையை இழுக்கும்படி செய்துகொள்ளலாம். லீவரை விட்டதும் விசையும் விடுபட வேண்டும்.

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். இந்த மெஷின்களின் கையேடு இரண்டு கையாலும் பிடித்து இயக்கத்தான் சொல்கிறது. நாமே செய்த ஸ்டாண்டில் நேரும் எதற்கும் நாமே பொறுப்பு.

எந்தப் பிளேடு

பிளேடை இஞ்சுக்கு எத்தனை பல் என்ற கணக்கில் விற்கிறார்கள். எப்போதும் குறைந்தது மூன்று பல்லாவது பொருளுக்குள் இருக்க வேண்டும் என்பது பழைய பட்டறை விதி. அதற்குக் குறைந்தால் பொருள் இரண்டு பல்லுக்கு நடுவே விழுந்து பல்லைப் பெயர்த்துவிடும். 14 பல் பிளேடுக்கு அந்தக் கணக்கில் ஐந்தரை மி.மீ. கனம் வேண்டும், 18 பல்லுக்கு நான்கே கால் மி.மீ.; 24 பல்லுக்கு மூன்றே கால் மி.மீ. ஆங்கிள், ஃபிளாட், சாதாரணப் பைப் என்று கலந்து வேலை செய்பவர் 18 பல்லை மாட்டிவைக்கலாம்.

மெல்லிய பொருளையும் தந்திரமாக அறுக்க முடியும். ஆங்கிளை ஒரு காலில் படுக்கவைக்காமல் கூரைபோலக் கவிழ்த்து வையுங்கள். பிளேடு சரிவாகப் பாய்வதால் 5 மி.மீ. கனம் 7 மி.மீ. ஆகிவிடும். ஒரு மி.மீ. தகட்டை ஒரு பிளைவுட் துண்டோடு சேர்த்துக் கட்டி இரண்டையும் சேர்த்து அறுங்கள். மரம் பல்லுக்குப் பிடி கொடுக்கும்.

பைமெட்டல் என்று எழுதிய பிளேடு வாங்குங்கள். வளைந்து கொடுக்கும் ஸ்பிரிங் ஸ்டீல் முதுகில் கடினமான ஹைஸ்பீடு ஸ்டீல் பல்வரிசையைப் பற்றவைத்தது அது. புதுப் பிளேடை முதல் சில வெட்டுக்கு மெதுவாக, பாதி அழுத்தத்தில் ஓட்டினால் பல்லின் கூர் நொறுங்காமல் நெடுநாள் உழைக்கும். சாதாரண இரும்புக்கு நடுத்தர வேகம், ஸ்டெயின்லெஸ் ஸ்டீலுக்கு மிகக் குறைந்த வேகம், அலுமினியத்துக்கு முழு வேகம். எண்ணெயோ சோப்புத் தண்ணீரோ ஊற்ற வேண்டாம். அது சக்கரத்தின் ரப்பர் டயரில் படிந்து பிளேடை வழுக்கவிடும், கீழே மோட்டாரும் இருக்கிறது. அலுமினியம் பல்லில் ஒட்டினால் ஒரு மெழுகுவர்த்தியை, மெஷின் நின்றிருக்கும்போது பிளேடில் தேய்த்தால் போதும்.

அறுக்கும்போது

கோட்டைப் பிளேடு தானாகத் தொடரும் வேகத்தில் தள்ளுங்கள். அழுத்தினால் பிளேடு பின்னால் வளைந்து வெட்டு வயிறு தள்ளும். அரை இஞ்சு அகலப் பிளேடு சின்ன வளைவில் திரும்பாது. சட்டைக் கழுத்தை வெட்டும் தையல்காரர் ஓரத்தில் சின்னச் சின்ன வெட்டு கொடுப்பது போல, வளைவை நோக்கி முதலில் பல நேர்வெட்டுகள் போட்டுவிட்டு, பிறகு கோட்டோடு போங்கள். துண்டுதுண்டாக உதிர்ந்து பிளேடுக்குத் திரும்ப இடம் கிடைக்கும். ஒரே அகலத்தில் கீற்றாக அறுக்க வேண்டுமானால் மேசையில் ஓர் ஆங்கிளைக் கிளாம்ப் போட்டு அணைகட்டிக்கொள்ளலாம்.

மெதுவாக ஓடும் பிளேடுதானே என்ற அலட்சியம் வேண்டாம். இரும்பை அறுக்கும் பல்லுக்கு விரல் ஒரு பொருட்டல்ல. பிளேடின் நேர்கோட்டில் கட்டைவிரல் வரக் கூடாது. கடைசி இரண்டு இஞ்சைக் கட்டையால் தள்ளுங்கள். ஒரு இஞ்சுத் துண்டைக் கையால் பிடிக்காமல் கிளாம்பில் கவ்விப் பிடியுங்கள். உருண்டையான கம்பியைக் கையால் பிடித்துத் தள்ளினால் பிளேடு அதை உருட்டிவிடும், ‘வி’ வடிவக் கட்டையில் கட்டிவைத்துத் தள்ள வேண்டும். தொளதொள கையுறை, தொங்கும் துண்டு, கைக்கடிகாரம் எதுவும் ஆகாது. கண்ணாடி அவசியம். பொருளின் உயரத்துக்கு மேல் தெரியும் பிளேடை மறைக்க, ஏறி இறங்கும்படி ஒரு தகட்டு மூடி செய்துவைத்தால் இன்னும் நல்லது.

படுத்த ஸ்டாண்ட் பற்றிச் சில வார்த்தை

படுத்த ஸ்டாண்டின் உயிர் கீலில் இருக்கிறது. கதவுக் கீலைப் பற்றவைத்துச் சமாளித்தால் அதன் ஆட்டமெல்லாம் வெட்டில் வந்து நிற்கும். புஷ்ஷில் சுழலும் ஒரு தண்டோ, இரண்டு பக்கம் பேரிங்கோ போடுங்கள். மெஷினின் எடையே அறுக்கப் போதும், மேலிருந்து அழுத்தக் கூடாது. மெல்லிய பைப்புக்கு அந்த எடையே அதிகம், ஒரு ஸ்பிரிங் போட்டுத் தூக்கிப் பிடிக்க வேண்டும். இங்கேயும் பழைய விதியேதான்: பிளேடு இழுக்கும் பக்கத்தில் வைஸின் அசையாத தாடை வர வேண்டும். அந்தத் தாடைதான் இந்த ஸ்டாண்டின் ஸ்டாப்.

வேலை முடிந்ததும் பிளக்கைப் பிடுங்கி, பிளேடின் விறைப்பைத் தளர்த்திவிடுங்கள். டயரும் பிளேடும் நாள் முழுக்க இழுபட்டு நிற்க வேண்டியதில்லை. தூளைப் பிரஷால் பெருக்குங்கள், ஊதினால் கண்ணில் விழும். கடைசியாக மேசையின் பிளவில் ஒரு மரச்சட்டத்தைச் செருகிப் பல்லை மூடிவையுங்கள். அரிவாள்மனையை அலகை மடக்கிச் சுவரோரம் சாத்திவிட்டுத்தானே சமையலறையை விட்டு எழுந்திருப்பார்கள்? பிள்ளைகள் நடமாடும் வீட்டில் பட்டறைக்கும் அதே முறைதான்.